பரணும் பட்டியலும்

செல்வம் பல திறத்தது. நிலமும் பொன்னும் கண்ணாற் காணும் செல்வம். கல்வி காணப்படாச் செல்வம். இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதொரு செல்வமும் உண்டு. அது தாளிலும் ஓலையிலும் எழுதப்பெற்று, நூல்நிலையப் பேழைகளிலும், கோயிற் பெட்டிகளிலும், நம் இல்லத்துப் பரண்களிலும் உறங்கிக் கிடப்பது. அதனைக் கள்வர் விரும்பார், கறையான் விரும்பும். உடையவருட் பலர் அதன் விலை அறியார். சிலர் இழந்த பின்னரே அறிவர். இழந்தபின் அறிந்தாருள் யாமும் ஒருவர். ஆதலின் இச்சிறு கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்த முதல் ஆண்டில் நூல்நிலையம் என்பது எமக்குத் தேர்வுக்குரிய உரைநூல்களை இரவல் பெறும் இடமாகவே இருந்தது. இரண்டாம் ஆண்டில் எம் ஆசிரியர் ஒருவர், தமிழ்நூல்கள் அச்சேறிய வரலாற்றைப் பற்றிக் கட்டுரை ஒன்று வரையுமாறு பணித்தார். அதன்பொருட்டே எம் கல்லூரி நூல்நிலையத்தின் பின்கட்டில், பூட்டிய அலமாரிகள் நிற்கும் அறைக்குள் முதன்முறை புகுந்தோம். நூலகர் திறவுகோலை எடுக்குமுன் எம் கைகளைத் திருப்பிப் பார்த்து, "தம்பி, கை கழுவி வாருங்கள்" என்றார். கோயிலுக்குள் புகுமுன் செருப்பைக் கழற்றுவதுபோலும் ஓர் உணர்ச்சி அப்பொழுது எமக்கு உண்டாயிற்று. அன்று தொடங்கி ஏறத்தாழ ஆறு திங்கள், மாலைதோறும் அவ்வறையில் அமர்ந்து யாம் கற்றவற்றுள் எம் உள்ளத்தைக் கவர்ந்த அரும்பொருள்கள் மூன்றனை ஈண்டுக் கூறுவோம்.

முதலாவது, 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறுநூல். பதினாறே பக்கங்கள் உடையது. 1578-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சிடப்பெற்றது. இந்திய மொழிகளின் எழுத்துக்களால் அச்சேறி இன்று நமக்குக் கிட்டியுள்ள நூல்களுள் இதுவே மிகப் பழமையானது. போர்த்துக்கீசியர் நூலொன்றைத் தழுவி இதனைத் தமிழில் அமைத்தவர் அண்டிரிக் அடிகளார் என்று தமிழர் வழங்கும் என்றிக்கே என்றிக்கசு என்பார். முத்துக்குளித்துறையின் வெம்மணலில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்து, மீன்பிடிப்பாரும் முத்துக்குளிப்பாருமாகிய எளிய மக்களிடம் தமிழ் கற்று, அவர் நாவிற்கேற்ப எழுதியவர் அவர். அவர் நூல்களை அச்சிடுதற்கு அத்துறைமக்களே பொருள் உதவினர் என்பதை எண்ணுந்தோறும் எம் நெஞ்சு நெகிழ்கின்றது.

ஆயினும் அந்நூல் இன்று யாண்டு உளது? கொல்லத்தில் இல்லை, தூத்துக்குடியில் இல்லை, தமிழ்நாட்டில் எவ்விடத்தும் இல்லை. அறியப்பட்ட படி ஒன்றே; அஃதும் அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்து நூல்நிலையத்தில் உளது. அப்பல்கலைக்கழக நூல்நிலைய இதழில் 1952-ஆம் ஆண்டு சூர்காமர், காட்டரெல் என்னும் இருவர் இதனை ஆராய்ந்து எழுதினர். யாம் கண்டது அதன் நிழற்படமே. நிழலைக் கண்டே வியந்த எமக்கு, வியப்போடு ஒரு நாணமும் உடன் தோன்றிற்று. தமிழ் மீனவர் பொருளுதவியால் வளர்ந்த தமிழச்சின் முதற்குழவியைக் கடல் கடந்தார் காத்தனர், பெற்றவர் காவாதொழிந்தனர்.

இரண்டாவது, அந்தோம் தெ புரோவென்சா என்னும் இயேசு சபைக் குரவர் தொகுத்த தமிழ் – போர்த்துக்கீசிய அகராதி. அவர் 1666-ஆம் ஆண்டு மறைந்தார். பதின்மூன்று ஆண்டுகள் கழிந்து, 1679-இல், மலையாள நாட்டு அம்பலக்காட்டில் அவ்வகராதி அச்சேறிற்று. தம் உழைப்பு நூலுருப் பெற்றதை அவர் கண்டாரல்லர். பின்னர் அதன் படிகளெல்லாம் அழிந்துபோக, ஒன்றுமட்டும் உரோமாபுரியில் வத்திக்கான் நூல்நிலையத்தில் எஞ்சிற்று. 1950-ஐ அடுத்த ஆண்டுகளில் ஐரோப்பிய நூல்நிலையங்கள்தோறும் தமிழேடுகளைத் தேடித் திரிந்த தனிநாயக அடிகளார் அதனைக் கண்டெடுத்து உலகிற்கு அறிவித்தார். 1966-இல் கோலாலம்பூரில் அதன் நிழற்படப் பதிப்பை வெளியிட்டார். அகராதி என்பது என்னை? ஒரு காலத்து மக்கள் வாயில் வழங்கிய சொற்களின் பட்டியலே அன்றோ? அம்மக்கள் மறைந்தனர், தொகுத்தவர் மறைந்தார், அச்சுக்கோத்தவரும் மறைந்தனர். பட்டியலின் ஒரே படி முந்நூறு ஆண்டுகட்கு அண்மையாக ஓர் அலமாரியில் வாளா இருந்து, கேட்பார் வந்த அன்று வாய் திறந்தது.

மூன்றாவது பொருளே எமக்கு எல்லாவற்றினும் இனியது. அது நூலும் அன்று, நூல்களின் பட்டியல். 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயருக்கு அப்பொழுது இருபத்துநான்கு வயது நிரம்ப ஒருநாளே குறை. மணலில் விரலால் எழுதும் சிறுவரோடு அமர்ந்து அவர் தமிழ் எழுத்தைக் கற்றார். எழுத்து வந்ததும் சுவடிகளைத் தேடலானார். இரண்டே ஆண்டுகளில், 1708-இல், தாம் தொகுத்த நூல்களின் பட்டியல் ஒன்றை எழுதி ஐரோப்பாவிற்கு விடுத்தார். அக்காலத்து ஐரோப்பியர் தமிழை மலபார் மொழி என வழங்கினமையின் அது 'மலபார் நூல்நிலையம்' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரால் அறியப்படுகின்றது. கிறித்தவ நூல்களும் இசுலாமிய நூல்களும் தனித்தனிப் பகுதிகளாக அமைய, இந்நாட்டுச் சமய நூல்களும் இலக்கிய நூல்களுமாக 119 நூல்கள் ஒரு பகுதியில் இடம்பெறுகின்றன. திருக்குறளும் உண்டு, சிவவாக்கியமும் உண்டு. ஒவ்வொரு நூற்பெயரின் கீழும் அஃது இன்னது கூறுவது, இத்தன்மையது என்று குறிப்பு வரைந்துள்ளார்.

அந்நூல்கள் அவர் கைக்கு வந்த வரலாறே எம்மை உறங்கவொட்டாது செய்தது. தம் எழுத்தர்களைப் பலநாள் நடைத்தொலைவிலுள்ள ஊர்களுக்கு அனுப்பி, கணவரை இழந்த பார்ப்பனக் கைம்பெண்களிடம் சுவடிகளைச் சிறுவிலைக்கு வாங்கியதாக அவரே கூறுகின்றார். அக்காட்சியை யாம் மனக்கண்ணாற் கண்டோம். திண்ணையில் அயலூரான் ஒருவன் நிற்கின்றான். உள்ளே, கணவன் இருந்தவரை நாளும் பிரித்துப் படித்த ஏட்டுக்கட்டுகள். இனிப் படிப்பார் இல்லை. உலையில் இட அரிசி வேண்டும். அவள் கட்டுகளை எடுத்து நீட்டுகின்றாள். அவள் மனத்தில் என்ன இருந்தது என்பதை எப்பட்டியலும் கூறவில்லை. வாங்கியவன் ஒவ்வொன்றின் பெயரையும் எழுதும் ஒருவர்க்காக வாங்கினான் என்பதொன்றே நமக்குக் கிடைத்த பேறு. அச்சுவடித்தொகுதி ஒருசேர இன்று நம்மிடம் இல்லை, பட்டியல் உளது. அதன் கைப்படி ஒன்று பிரித்தானிய நூல்நிலையத்துச் சுலோன் தொகுதியில் இருத்தலை ஆல்பர்டீன் கௌர் என்னும் அம்மையார் 1967-இல் எடுத்துக்காட்டினார். வில் ஸ்வீட்மன் என்பார் இலக்குவன் என்னும் தமிழறிஞர் துணையோடு 2012-இல் அப்பட்டியலை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சோழநாட்டுக் கடற்கரையிலே தமிழர் எவ்வெந்நூல்களைப் படித்தனர் என்று இன்று நாம் அறிதற்கு அதுவே ஒரு பெருஞ்சான்று.

இவ்வையரைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லுதல் வேண்டும். தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி விரிவானதொரு நூலை அவர் எழுதி, 1713-இல் ஜெர்மனியிலுள்ள ஹாலே நகரத்திற்கு அனுப்பினார். ஆங்கிருந்த பெரியோர் அதனை விரும்பிற்றிலர்; புறச்சமயக் கதைகளை ஐரோப்பாவிற் பரப்புதல் அவர் பணியன்று என்று அச்சிட மறுத்தனர். 1867-இல் ஜெர்மன் என்னும் பெயருடைய குருவானவர் சென்னையில் அச்சிடும்வரை, நூற்றைம்பது ஆண்டுகட்கு மேல் அது கையெழுத்தாகவே கிடந்தது. மறுத்தனர் என்பதற்காக அவர்களைப் பலர் குறைகூறுவர். யாம் வியப்பது வேறொன்றனை. விரும்பாத நூலையும் அவர்கள் எறிந்துவிடவில்லை. எடுத்து வைத்தனர்.

யாமோ, வெறுக்காத பொருளையே எறிந்தோம். அவ்வரலாற்றை இனிச் சொல்லாதிருத்தல் முறையன்று.

எம் பாட்டனாரின் தந்தையார் திருநெல்வேலிச் சீமையில், செம்மணல் தேரிகளை அடுத்த சிற்றூர் ஒன்றில், சபை உபதேசியாராய் இருந்தவர். பனையேறிகளே மிகுதியாக வாழும் ஊர் அது. அவர் நாள்தோறும் குறிப்பெழுதும் வழக்கமுடையார். அக்குறிப்பேடுகள் பதினொன்று, தகரப்பெட்டி ஒன்றில் எம் இல்லத்துப் பரணில் இருந்தன. எம் பாட்டனார் உயிரோடிருந்த வரையில் ஆண்டிற்கு ஒருமுறை அவற்றை இறக்கி வெயிலிற் காயவைத்து, வேப்பிலை இட்டு, மீண்டும் ஏற்றுவார். அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது எமக்கு வயது பன்னிரண்டு. அடுத்த ஆண்டு வீட்டிற்குச் செப்பனிடும் வேலை வந்தது. பரண் இடிக்கப்பட்டது. "பழந்தாளெல்லாம் கடையிற் போட்டுவிடு" என்று வீட்டார் பணிக்க, சாக்கில் இட்டுத் தூக்கிச் சென்றவர் யாமே.

வாயிற்படியில் எம் பாட்டியார் அமர்ந்திருந்தார். சாக்கைப் பார்த்தார். "எல்லாத்தையும் போட்டுராத ஐயா, ஒண்ணாவது வச்சிட்டுப் போ" என்றார். எமக்கோ எடை குறையுமே என்னும் கவலை. ஆதலின் கைவிட்டுத் துழாவி, இருப்பவற்றுள் மிகமெல்லியதாகிய ஒன்றைத் தேர்ந்து அவர் மடியில் வைத்தோம். மற்றவை தராசேறின. எடை 6 கிலோ. பெற்றது 48 ரூபாய். அப்பணத்திற்கு வாங்கிய பந்து, அத்திங்களிலேயே பக்கத்துக் கிணற்றில் விழுந்து போயிற்று.

சீகன்பால்கு ஐயரின் பட்டியலைப் படித்த இரவில் எமக்கு நினைவு வந்தது அந்தக் கைம்பெண்கள் அல்லர். வாயிற்படியில் அமர்ந்திருந்த எம் பாட்டியாரே. அவரும் கணவரை இழந்து ஓராண்டு ஆகியிருந்த காலம் அது. ஏடுகளைக் கேட்டு வாயிலிற் பெயரெழுதுவோன் வருவதும், தராசு வருவதும் காலத்தின் செயல் என்று ஆறுதல் கொள்ளலாம். எம் வீட்டு வாயிலில் தராசாய்ச் சென்றவர் யாமே ஆதலின் அவ்வாறுதல் எமக்கு இல்லை.

விடுமுறையில் ஊர் சென்றதும் அம்மெல்லிய ஏட்டைக் கேட்டோம். பாட்டியார் தம் வேதப்புத்தகத்தின் அடியிலிருந்து அதனை எடுத்துத் தந்தார். அது 1941-ஆம் ஆண்டிற்குரியது. ஓய்வுநாள் ஆராதனைக்கு வந்தவர் தொகை, ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் பெயர், காணிக்கைக் கணக்கு, பனையினின்று விழுந்து இடுப்பொடிந்தானொருவனுக்காக ஊர் கூடிச் செய்த செபம், கருப்பட்டி விலை இறங்கியதனால் சபையார் பட்ட துன்பம் ஆகியவை நுண்ணெழுத்தில் எழுதப்பட்டிருந்தன. கடைசி இரு பக்கங்களைக் கண்டபோது எம் கை நடுங்கிற்று. "பனையேறிகள் வழங்கும் சொற்கள்" என்று தலைப்பிட்டு, வேற்றூரினராகிய அவர், தாம் பிரசங்கிக்கும் மக்களின் மொழியைக் கற்றுக்கொள்ளும் பொருட்டு, ஒரு பட்டியல் வரைந்திருந்தார். விடிலி என்பது பதநீர் காய்ச்சும் குடில். முருக்குத்தடி என்பது மரமேறுவோர்க்குத் துணையாகும் தடி. சில்லாட்டை என்பது பனைமட்டையின் அடியிலிருந்து எடுக்கும் வலைபோன்ற நார். இவ்வாறு 23 சொற்கள். அவற்றின் கீழே ஒரு வரி: "மீதி அடுத்த புத்தகத்தில்."

அடுத்த புத்தகத்தை விற்றுப் பந்து வாங்கினவர் இதனை எழுதுகின்றார்.

பட்டியல் எழுதியவர் பெரும்புலவரல்லர். ஆயினும் அண்டிரிக் அடிகளாரும், புரோவென்சா அடிகளாரும், சீகன்பால்கு ஐயரும் செய்த தொழில் யாதோ, அதனையே தம்மளவில், தம்மூரில், யாரும் பணியாமல் அவர் செய்தார். அவர்க்கு வத்திக்கான் அலமாரி வாய்க்கவில்லை. வாய்த்தது எம் வீட்டுப் பரண். அப்பரணிற்கு வாய்த்தவர் யாம்.

எமக்கு மட்டும் நேர்ந்த குற்றமன்று இது. மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் சுவடி தேடிச் சென்ற காலத்தில், கரிவலம்வந்தநல்லூரில், பழுதுற்ற ஏடுகளை விதிப்படி நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகக் கேட்டு நெஞ்சம் வெந்தார். ஆற்றுப்பெருக்கில் விடப்பட்ட ஏடுகள் எத்தனையோ! தீயில் இட்டவரும் நீரில் விட்டவரும் தீயோரல்லர். தூயதொரு முறையிற் கழிப்பதாகவே கருதினர். அறியாமை பலகாலும் பக்தியின் உருவிலோ, வீட்டைத் தூய்மை செய்யும் உருவிலோ வருகின்றது. ஆதலின் அதனை இனங்காணுதல் அரிது.

இதன்பின் யாம் செய்தவை மிகச் சிலவே. ஏட்டைக் கல்லூரிக்குத் தருமாறு பாட்டியாரை வேண்டினோம். "நான் போனப்புறம் கொண்டு போ ஐயா, அதுவரைக்கும் இங்கன இருக்கட்டும்" என்றார். முன்பு ஒருமுறை அவர் சொல்லைப் பாதியே கேட்ட யாம், இம்முறை முழுதும் கேட்டோம். பக்கம் பக்கமாக நிழற்படம் எடுத்து, எழுத்துப்பெயர்த்து, அப்படியை எம் நூல்நிலையத்திற் கொடுத்தோம். நூலகர் பதிவேட்டைத் திறந்து, எண்ணிட்டு, ஒரு வரி எழுதினார். ஒரு வரிதான். ஆயினும் அவர் மை ஒற்றும்வரை யாம் நின்று பார்த்திருந்தோம்.

மற்றொன்றும் முயன்றோம். பாட்டியார் பனையேறிகள் குடியிற் பிறந்தவர். வயது எண்பதைக் கடந்தவர். இருபத்துமூன்று சொற்களையும் படித்துக்காட்டி, "மீதி எவையாக இருக்கும்?" என்று கேட்டோம். நெடுநேரம் விழிகளை மூடியிருந்து, ஒவ்வொன்றாய் ஒன்பது சொற்களைச் சொன்னார். அவை பூட்டனார் எழுதியவைதாமோ, வேறோ, யார் அறிவார்? 24 முதல் 32 வரை எண்ணிட்டு, பாட்டியார் கூறியவை என்று குறித்து, தனித்தாளில் எழுதிச் சேர்த்தோம். இழந்த ஏட்டிற்கு அது ஈடாகாது. ஆயினும் பட்டியல் முற்றுப்பெறாமல் திறந்தே இருக்கின்றது.

ஐயாயிரவர் உண்டு எழுந்தபின், எஞ்சிய துணிக்கைகளையும் ஒன்றும் வீணாகாதபடி கூடைகளிற் சேர்க்கப் பணித்தார் நம் ஆண்டவர். அப்பங்களைப் பெருக்கிய அற்புதத்தையே யாம் சிறுவயது முதல் வியந்து வந்தோம். துணிக்கைகளைப் பொறுக்கிய பன்னிரு கூடைகளின் அருமை எமக்கு இப்பொழுதே விளங்குகின்றது. புலவர் பலர் நூல் யாத்தனர், அஃது அப்பம். எஞ்சியதைப் பொறுக்கிப் பெயரெழுதி வைத்தவர் சிலர். அவர் கையிற் கூடை.

மாணவ நண்பர்களே! வரும் விடுமுறையில் உங்கள் இல்லத்துப் பரணில் ஒருமுறை ஏறுங்கள். ஆங்குச் சங்கநூல் கிடைக்கும் என்று யாம் ஆசை காட்டோம். பற்றுவரவுக் கணக்கு இருக்கலாம், மணவோலை இருக்கலாம், கடல் கடந்து சென்றோர் எழுதிய கடிதங்கள் இருக்கலாம், பாட்டியார் பாடிய கும்மிப்பாட்டை யாரோ பென்சிலால் எழுதி வைத்திருக்கலாம். அவற்றை எம்மிடம் தரவேண்டுவதில்லை, எவரிடமும் தரவேண்டுவதில்லை. ஒரு தாளில் பொருளின் பெயர், ஆண்டு, யார் கையெழுத்து, எங்கு இருக்கின்றது என்னும் நான்கினை மட்டும் எழுதி வாருங்கள். எம் நூலகர் அதற்கெனத் தனிப் பதிவேடு ஒன்று திறக்க இசைந்துள்ளார். வீட்டு வாயிலில் முதியோர் எவரேனும் அமர்ந்திருந்து, ஒன்றை வைத்துவிட்டுப் போ என்பாராயின், எல்லாவற்றையும் வைத்துவிடுங்கள்.

கறையானுக்கும் தராசுக்கும் முன்னே நம் கை செல்வதாக!